நடவு நேரத்தில் வரும் அழைப்பு



கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு சின்ன மருத்துவமனை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் போன் செய்தாலும் பதில் சொல்ல வேண்டுமென்றால், முன்பெல்லாம் எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்தை விலைகொடுத்து வாங்கி, அதற்கென ஓர் இடம் ஒதுக்கி, பழுது பார்க்க ஆளும் தேட வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை எங்கோ தொலைதூரத் தரவு மையத்தில் இருக்கும் கணினிகள் செய்கின்றன. மாத வாடகை, பேசிய அளவுக்குக் கட்டணம், அவ்வளவுதான் செலவு. முன்பதிவு, நினைவூட்டல், பரிசோதனை முடிவு, டாக்டரோடு வீடியோ பேச்சு எல்லாம் இந்தக் கிளவுட் சேவைக்குள் அடங்கிவிட்டன. விற்கிற நிறுவனங்களும் பெருகிவிட்டன.

தொலைவிலிருந்தே டாக்டரிடம் பேசுவது நம் மக்களுக்குப் புதிதல்ல. தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்டது. அடுத்த மாதமே, மொஹாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவையில் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசும் வசதி வந்தது. அந்த ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் ஆலோசனைகள் நடந்து முடிந்தபோது, முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. ஊரடங்கில் பஸ் ஓடாத நாட்களில் அது எவ்வளவு பெரிய துணை!

ஆனால் காவிரி டெல்டாவுக்கென்று ஒரு நேரக் கணக்கு உண்டு. ஜூனில் மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவு தொடங்கிவிட்டால், பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கிவிடுவார்கள். சர்க்கரை மாத்திரையை நினைவூட்டும் அழைப்பு பகல் பதினொரு மணிக்கு வந்து என்ன பயன்? போன் வீட்டில் கிடக்கும், இல்லையென்றால் மகனிடம் இருக்கும். மகனின் வாட்ஸ்அப்புக்கு அம்மாவின் பரிசோதனை முடிவு போய்ச் சேர்வது சரியா என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. இரவு ஏழு மணிக்கு மேல், தமிழில், குரல் அழைப்பாக வரட்டும். எடுத்துப் பேசுவது அந்த நோயாளிதானா என்று கேட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத நடவுக்காரப் பெண்ணுக்கு எந்தச் செயலியைவிடவும் அது மேல்.

இன்னொன்று, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, செல்பேசி கோபுரங்கள் செயலிழந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அப்படிப்பட்ட நாளில், தரவு மையம் எங்கோ பத்திரமாக இருந்தாலும் இங்கிருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மருத்துவமனைகள் விற்பவரிடம் இவற்றைக் கேட்டே ஆக வேண்டும்: இணையம் அறுந்தால் அழைப்புகள் தானாகவே சாதாரண செல்பேசி எண்ணுக்கு மாறுமா? டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இவர்களின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் ஒரே பொத்தானில் அச்செடுக்க முடியுமா? முடியுமென்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அக்டோபர் முதல் வாரத்தில், அந்தத் தாள் கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் இருக்க வேண்டும்.