காரை விட்டு வேனுக்கு வந்தவர்



விழா மேடையில் வேன் ஓட்டுவது பற்றி ஓர் உரையா என வியப்பவர் இருக்கலாம். பந்தலுக்கு வெளியே நிற்கும் வண்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அந்த வியப்புக் குறையும். வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் என எத்திசையிலிருந்து வந்தாலும், பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் வந்து இறங்கும் குடும்பங்கள் மிகுதி. அவ்வண்டிகளை ஓட்டி வந்தோருள் பலர் கூலிக்கு ஓட்டுபவர் அல்லர். முன்பு சொகுசுக் கார் வைத்திருந்த குடும்பத் தலைவர்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றியும், அவர் புதிதாகக் கற்க நேர்ந்தவை பற்றியும் கூறுவதே இவ்வுரை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். காருக்கு 'மகிழுந்து' என்று தமிழறிஞர் பெயர் சூட்டினர். வேனுக்குக் 'கூடுந்து' என்று சிலர் எழுதுகின்றனர். மக்கள் வாயில் அது இன்னும் ஏறவில்லை. ஆயினும் அப்பெயரில் ஒரு பொருத்தம் உண்டு. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்துக் குடும்பத்தோடு திருவிழாவுக்குச் சென்ற காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வண்டியோட்டி முன்புறம் மாடுகளுக்குப் பின்னே அமர்ந்திருப்பார். வண்டி முழுவதும் மற்றவர்களுக்கு உரியது. ஆங்கிலத்திலும் 'கேரவன்' என்னும் சொல்லின் குறுக்கமே 'வேன்'.

இனி அந்தக் குடும்பத் தலைவர். வயது 61. அரிசி வணிகம் செய்தவர். முதலில் அம்பாசிடர் வைத்திருந்தார். பின்னர்க் குளிர்சாதனமும் பவர் ஸ்டியரிங்கும் கொண்ட கார்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. கடைசிக் கார் தாழ்வானது, நீளமானது. உள்ளே அமர்ந்து கதவைச் சாத்தினால் வெளியுலகின் ஓசையே கேளாது. அது வந்த பின் ஓர் இடர் தோன்றியது. அவருடைய தாயாருக்கு 84 வயது, மூட்டுத் தேய்மானம். அவ்வளவு தாழ்ந்த இருக்கையில் குனிந்து அமரவும் இயலவில்லை, எழவும் இயலவில்லை. கணவரை இழந்த அண்ணி, மனைவி, மருமகள், பேரப் பிள்ளைகள் இருவர் எனக் குடும்பத்தில் ஏழு பேர். ஒரு திருமணத்துக்குச் செல்ல வேண்டுமெனில் கார் இருமுறை போய்வரும், அல்லது யாரேனும் வீட்டில் தங்குவர். தங்குபவர் பெரும்பாலும் அண்ணிதான். "நான் வீட்டைப் பாத்துக்கறேன் தம்பி, நீங்க போயிட்டு வாங்க" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். மூன்று ஆண்டுகள் அதைக் கேட்ட பிறகு அவர் காரை விற்று, ஏழு பேர் அமரும் வேன் ஒன்றை வாங்கினார்.

முதல் வாரமே அவருக்கு இரண்டு அடிகள் விழுந்தன. ஒன்று மனத்தில். திருமண மண்டபத்து வாயிலில் காவலாளி கையை நீட்டி, "வேன் எல்லாம் பின்பக்கம் போடுங்கண்ணே, டிரைவருங்களுக்கு அங்கதான் சாப்பாடு" என்றார். பட்டு வேட்டியும் துண்டுமாக இருந்த மனிதர் முகம் சிவந்தார். பின் இருக்கையிலிருந்து தாயார், "பின்பக்கமே போடுப்பா, அங்க படிக்கட்டு இல்ல, எனக்கு நல்லது" என்றார். உண்மையில் அங்கே சரிவுப் பாதை இருந்தது. கௌரவம் என்பதை மனிதர் வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது வியப்பான வழக்கம். அது தீர நாள் ஆகும். அதற்கு இதைவிட மிகுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

மற்றோர் அடி வண்டிக்கே விழுந்தது. புளிய மரத் திருப்பம் ஒன்றில் காரைத் திருப்புவது போலவே திருப்பினார். முன் சக்கரம் செவ்வையாகச் சென்றது. இடப்புறப் பின் சக்கரம் தார்ச்சாலையின் விளிம்பைக் கடந்து மண்ணில் இறங்கி, கால்வாய்க்கு ஒரு சாண் தொலைவில் உருண்டு மீண்டது. 35 ஆண்டுகள் வண்டி ஓட்டிய கைக்கு இது ஏன் நேர்ந்தது?

விடை ஓட்டுநர் அமரும் இடத்தில் உள்ளது. காரில் எஞ்சின் முன்னே மூடிக்குள் இருக்கும். முன் சக்கரங்கள் ஓட்டுநருக்கு முன்னே செல்லும். அவர் உடல் திருப்பத்தின் முனையை அடையும்போது சக்கரங்கள் அதைக் கடந்திருக்கும். வேனில் அவ்வாறு இல்லை. மாருதி நிறுவனம் 1984இல் கொண்டுவந்து, 1988இல் ஆம்னி எனப் பெயரிட்டு, 2019 வரை விற்ற வேனை எல்லாரும் அறிவர். அதன் 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருந்தது; ஓட்டுநர் ஏறத்தாழ முன் சக்கரங்களின் மேலேயே அமர்ந்தார். அவ்வகை வண்டியில், கார் பழகிய கை திருப்பத் தொடங்கும் நேரத்தில் முன் சக்கரம் அப்போதுதான் முனைக்கு வந்திருக்கும். ஆகவே பின் சக்கரம் முனையை அறுத்துக்கொண்டு போகும். தம் தோள் முனையைக் கடந்த பின்னரே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். சொல்வதற்கு இது எளிது. கைக்கு ஏறச் சில வாரங்கள் பிடிக்கும். அவர் அறுவடை முடிந்த களத்தில் செங்கற்களை நட்டுவைத்து, விடியற்காலையில் தனியாக ஓட்டிப் பழகினார். 61 வயதில் களத்தில் எட்டுப் போட்டவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

சட்டம் இதைக் கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான வண்டிகளை ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. கார் உரிமத்தோடு மறுநாளே வேனில் ஏழு உயிர்களை ஏற்றிச் செல்லத் தடையில்லை. தடை இல்லாமையைத் தகுதி என்று எண்ணிக்கொள்வோர் பலர்.

பார்வையும் மாறுகிறது. உயரமான இருக்கையிலிருந்து சாலை அகலமாகத் தெரியும். அது நன்மையே, ஆயினும் கண் தரைக்கு மேலே உயர உயர வேகம் குறைவாகத் தோன்றும். காரில் 60 என்று உணர்ந்த ஓட்டம் வேனில் 50 போலிருக்கும். முன்னால் மூடி நீண்டிராமையால், முன்செல்லும் வண்டியை மிக நெருங்கி நிற்கும் பழக்கமும் வரும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் சாலை தெரியாது. பூச்சூடிய தலைகளும் கூடைகளும் பைகளுமே தெரியும். பக்கக் கண்ணாடிகள் இரண்டையுமே நம்ப வேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது ஒரு வசதி உண்டு: வேனின் முதுகு செங்குத்தானது, கண்ணாடி முடியும் இடத்திலேயே வண்டியும் முடிகிறது. ஆனால் அந்தக் கண்ணாடிக்குக் கீழே நிற்கும் மூன்று வயதுக் குழந்தை யார் கண்ணுக்கும் படாது. 2019 ஜூலைக்குப் பின் வந்த வண்டிகளில் பின்புற உணர்கருவி கட்டாயம். பழைய வேன்களில் அது இல்லை. அக்குடும்பத்தில் இப்போது ஒரு விதி இருக்கிறது. பெரியவர் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கையசைக்காமல் வண்டி பின்னோக்கி நகராது. திருவிழாக் கூட்டத்தில் இவ்விதியைக் கடைப்பிடிக்க நாணுவோர், நாணாமல் இருப்பது நலம்.

எல்லாவற்றினும் அவரை உலுக்கிய நிகழ்வு ஒன்று உண்டு. பொழுது சாயும் முன் உண்டு முடிக்கும் குடும்பம் அது. மாலைப் பயணங்களில் கதிரவனோடு ஓர் ஓட்டப்பந்தயம் எப்போதும் உண்டு. கார் இருந்த நாளில் அவர் அதில் வென்றுகொண்டே இருந்தார். வேன் வாங்கிய இரண்டாம் மாதம், போளூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்புகையில் புறப்பாடு தாமதமாயிற்று. காலையில் உண்டதோடு இருந்த தாயார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேளாமையே மகனை விரட்டியது. அந்தி மங்கலில், பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிச் சென்ற டிராக்டர் ஒன்று முன்னே தோன்றியது. பிரேக்கை மிதித்தார். கார் நின்றிருக்கும் இடத்தில் வேன் நிற்கவில்லை. அதைத் தாண்டி, கரும்புத் தோகை முன்கண்ணாடியை உரச நின்றது. பேத்தியின் நெற்றி முன் இருக்கையில் மோதிப் புடைத்தது. தாயாரின் மணிக்கட்டில் வீக்கம். அவ்வளவோடு போயிற்று.

கணக்கைப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய கார் 1,200 கிலோ அளவு. பெரும்பாலும் இருவரே செல்வர். ஆள் எடை வண்டி எடையில் பத்தில் ஒரு பங்கு. வேன் ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. அதில் ஏழு பேர் ஏறினால் கிட்டத்தட்ட 400 கிலோ, அதாவது வண்டி எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. தனியாக ஓட்டிப் பழகிய பிரேக்கும் குடும்பம் ஏறிய பின் மிதிக்கும் பிரேக்கும் வேறு வேறு. அன்றி, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். வேகம் 80 ஆனால், நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கினும் சற்று மிகும். கூரைமேல் மூட்டைகளையும் பாத்திரங்களையும் ஏற்றினால் வண்டியின் எடை மையம் உயர்ந்து திருப்பத்தில் சாயும். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கக் காற்று வீசும்போது, சுவர் போன்ற அதன் பக்கங்கள் பாய்மரம் போல் காற்றை வாங்கும்.

அந்நிகழ்வுக்குப் பின் மூன்று மாற்றங்கள் செய்தார். மாலை உணவைக் கட்டி எடுத்துச் செல்வது வழக்கமாயிற்று. ஐந்து மணி ஆனதும், எங்கே இருந்தாலும், மர நிழலில் வண்டியை நிறுத்தி அனைவரும் உண்டுவிடுவர்; அதன் பின் வீடு சேர எவ்வளவு நேரம் ஆனாலும் எவருக்கும் அவசரம் இல்லை. அண்ணி கட்டித் தரும் புளியோதரைக்காகவே பிள்ளைகள் இப்போது நெடும் பயணம் கேட்கின்றனர். அடுத்தது இடுப்புப் பட்டை. பின் இருக்கையில் பட்டை எதற்கு என்ற பேச்சு அந்த நெற்றிப் புடைப்போடு முடிந்தது. பட்டை அணியாமைக்கும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பாதுகாப்பின்றி ஏற்றிச் செல்வதற்கும் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டால் போதும் என்று எண்ணும் தாய்மார்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். பிரேக் அடிக்கும் கணத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. மூன்றாவது, டயர்க் காற்று. ஆள் குறைவான பயணத்துக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவும் இருப்பின், அது கதவோரத்தில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ அச்சாகியிருக்கும். அவர் அதைக் கண்ணாடி அணிந்து படித்தது இப்போதுதான்.

தாயார் ஏறுவதற்குத் தச்சரிடம் சொல்லி ஒரு மணை செய்யப்பட்டது: அரை முழ உயரம், அடியில் ரப்பர், மேலே சாக்குத் துணி. நகர்த்தும் கதவைத் திறந்து, மணையை இட்டு, மேலுள்ள கைப்பிடியைப் பற்றி அவர் தாமாகவே ஏறுகிறார். யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. இதைக் காணும்போது அந்த ஓசையற்ற காரின் நினைவு அவருக்கு வருகிறதா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். வெயில் காலத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து எழும் எஞ்சின் சூட்டைப் பற்றி மட்டும் இன்றும் குறைபட்டுக்கொள்கிறார். அது நியாயமான குறைதான்.

வேன் வாங்கியவர் வீட்டுக்கு உறவினர் பெருகுவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். "பெட்ரோல் நாங்க போட்டுக்கறோம், மேல கொஞ்சம் குடுத்துடறோம் மாமா" என்று கேட்டு வருவோருக்கு மறுப்புச் சொல்வது கடினம். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டுதல் சட்டத்துக்கு மாறானது. தனியார் வண்டிக் காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் ஏறியவர், ஓட்டியவர் இரு குடும்பமும் நீதிமன்றப் படி ஏற நேரும். அவர் பணம் வாங்குவதில்லை. பத்தாவது ஆளையும் ஏற்றுவதில்லை. இதனால் மனத்தாங்கல் கொண்ட உறவுகள் இரண்டு. அவை விருந்தொன்றில் சரியாயின.

சென்ற தையிலிருந்து மருமகளும் அவ்வேனை ஓட்டுகிறார். அவர் எந்தக் காரையும் ஓட்டியவர் அல்லர்; வேனிலேயே பயின்று உரிமம் பெற்றார். மறப்பதற்குப் பழைய பழக்கம் இல்லாமையால், மாமனார் களத்தில் செங்கல் நட்டுக் கற்றது அவருக்கு இயல்பாகவே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்ட, மாமனார் கடைசி வரிசையில் தாயாருக்கு அருகில் அமர்ந்து மேல்சித்தாமூர் வரை சென்றார். வேன் வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியும் அந்த இருக்கையில் அவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. அது பின் அச்சுக்கு நேர் மேலே உள்ளது. ஒவ்வொரு வேகத்தடையிலும் உடல் ஒரு சாண் எழும்பி விழுந்தது. நான்காவது தடையில் தாயாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் இருக்கையின் விளிம்பை இரு கையாலும் பற்றியிருந்தார். அந்தப் பிடி ஓராண்டுப் பழக்கம் என்பது பார்த்த அளவிலேயே தெரிந்தது.

அன்று திரும்பும்போது தாயார் நடு வரிசைக்கு வந்தார். மகன் ஓட்டினார். வேகத்தடை கண்ட இடமெல்லாம் முதல் கியருக்கு இறங்கினார். பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தும், பின் சக்கரம் இறங்கி முடியும்வரை வேகம் கூட்டவில்லை.