ஐந்து வயது வரை காத்திருப்பதா?

(ஸ்ரீவைகுண்டத்தில் பேசியதன் சாரம்)



பிள்ளை வளர்ப்பு என்ற விஷயத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பைப்பற்றிச் சொல்ல நம் ஜனங்களுக்கு ஆளில்லாமலில்லை. ஜோசியன் சொல்லுகிறான், பாட்டி சொல்லுகிறாள், இப்போது கைப்பேசியும் இராப்பகலாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகையால் எல்லாவற்றையும் தொடாமல், இந்த ஊருக்கென்றே பாத்தியப்பட்ட ஒரு சங்கதியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறோம். அதாவது, பேசாத குழந்தை.

இந்தத் தாமிரவருணிக்கரையிலே பேசாத குழந்தைக்குள்ள மகத்துவம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. சைவருக்கு ஒன்று, வைணவருக்கு ஒன்று என்று பங்கு போட்டாற்போல இரண்டு கதைகள் இருக்கின்றன. இவ்வூரிலே 17-ம் நூற்றாண்டில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியிலே விட்டார்களென்றும், உடனே பேசினதோடல்லாமல் கந்தர் கலிவெண்பாவையே பாடிவிட்டாரென்றும் சொல்லுவது ஒன்று. பக்கத்து ஆழ்வார்திருநகரியிலே காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த நம்மாழ்வார் அழாமலும் பால் குடியாமலும் புளியமரத்தடியில் 16 வருஷம் மௌனமாயிருந்து, பிறகு மதுரகவிக்கு வாய் திறந்து பதில் சொன்னார் என்பது மற்றொன்று.

இவர்களுடைய தமிழோடு நமக்குச் சண்டையில்லை. புலவர்களைப் புலவர்களென்றே மதிக்கிறோம். நமது சண்டையெல்லாம் இந்தக் கதை இன்றைக்கு வீட்டிலே செய்கிற வேலையோடுதான். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லையே என்று ஒரு தாய் கண் கலங்கினால், "குமரகுருபரரே ஐந்து வயதில்தான் பேசினார், பொறு" என்று நாலு பேர் சொல்லுகிறார்கள். பிறகு பால்குடம், முடியிறக்கல், நாக்கிலே தேன், நாக்கிலே வசம்பு, பன்னீர் இலை விபூதி. (வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயர் வைத்தவன் யாரோ, வேலையைத் தாய்க்கு வைத்துவிட்டுப் பெயரை வேருக்குக் கொடுத்துவிட்டான்.) இவ்வளவும் நாக்குக்கே நடக்கின்றன. காதை எவரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதோடு சரி.

தோழர்களே! கதையை உள்ளபடியே ஒப்புக்கொண்டு பார்ப்போம். ஐந்து வயதுக் குழந்தை ஒருநாள் திடீரென்று வெண்பாவாகவே பாடிற்றென்றால், அந்த வார்த்தைகள் அதற்கு எங்கிருந்து வந்தன? கவிராயர் வீட்டிலே ஐந்து வருஷம் காதால் கேட்டிருந்தாலன்றோ வரும்? அப்படியானால் அந்தக் குழந்தைக்குக் காது கேட்டது. பேச்சுத்தான் தாமதமாக வந்தது. காது நன்றாய்க் கேட்டும் பிந்திப் பேசுகிற பிள்ளைகள் இன்றும் உண்டு. ஆகவே இந்தக் கதை மெய்யே ஆனாலும், காது கேளாத குழந்தைக்கு இதனால் ஒரு காசு பிரயோஜனமில்லை. கேளாத பாஷையை எந்த நாக்கும் பேசாது.

புளியமரத்துக் கதையோ இன்னும் மோசம். இன்றைக்கு ஆஸ்பத்திரியிலே பிறந்த குழந்தை அழாவிட்டால் நர்ஸ் அம்மாள் அதை மரத்தடியில் வைத்துக் கும்பிடுவாளா? ஓடியல்லவோ மூச்சு வரவழைப்பாள்! பிறந்தவுடன் மூச்சுத் திணறின குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மஞ்சட்காமாலை கடுமையாய்க் கண்ட குழந்தை, தாய் கர்ப்பமாயிருக்கையில் ருபெல்லா அம்மை கண்ட குழந்தை ஆகிய இவர்களுக்கெல்லாம் காது கெடக்கூடும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊர் பேர் வேண்டாம். தகப்பன் தன் அக்காள் மகளையே கட்டினவர். பையன் ஐந்து மாதம் வரை "ங்கா, ங்கா" என்று சப்தம் போட்டான். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் அப்படிச் சப்தமிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு சப்தம் குறைந்துவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தவள் என்று மருமகளைத் திட்டினார்கள். மூன்று தரம் செந்தூருக்குப் போனார்கள். நாலாவது வயதில் அங்கன்வாடி அம்மாள் ஒருத்தி, இந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை, வாசலில் நிழல் விழுந்தால்தான் திரும்புகிறான் என்று கண்டு சொன்னாள். சோதித்ததில் இரண்டு காதும் கேட்கவில்லை. அந்தத் தாய் சாமியையும் திட்டவில்லை, மாமியாரையும் திட்டவில்லை. "நாலு வருஷம் நான் தாலாட்டினது யாருக்கு?" என்று மாத்திரம் கேட்டாள். இதற்குப் பதில் சொல்லக்கூடிய புராணம் நமக்குத் தெரியவில்லை.

சொந்தத்தில் கட்டுவதால்தான் எல்லாக் குழந்தைக்கும் காது போகிறதென்று நாம் சொல்லவில்லை. அந்நியத்தில் கட்டினவர்களுக்கும் வருகிறது. ஆனால் பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படுவது நெருங்கிய இரத்தத்தில் அதிகம். 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் மாமனும் அக்காள் மகளும் விலக்கப்பட்ட உறவு என்று எழுதிவிட்டு, வழக்கமிருந்தால் செல்லும் என்று பின்கதவையும் திறந்து வைத்திருக்கிறது. நிலம் வெளியே போகக்கூடாது, நகை வெளியே போகக்கூடாது என்று கட்டுகிறவர்கள், குழந்தையின் காது போனாலும் போகட்டும் என்றா கட்டுகிறார்கள்?

இனி செய்யவேண்டியதென்ன? பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிப்பது. சந்தேகமானால் மூன்று மாதத்துக்குள் நிச்சயப்படுத்துவது. ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ ஆரம்பிப்பது. இதுதான் உலகமெங்கும் வைத்தியர்கள் வைத்திருக்கிற கணக்கு. குழந்தை தூங்கும்போதே காதில் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுகிறார்கள், ஊசியில்லை, இரத்தமில்லை. தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்பது சோதனையாகாது. கையசைவைக் கண்டும் தரையதிர்வை உணர்ந்தும் திரும்புவான். 2013-ம் வருஷத்தில் ஏற்பட்ட ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்ற திட்டப்படி (பெயர் வாயில் நுழையாவிட்டாலும் காரியம் நல்லது) குழந்தைகளை அங்கன்வாடியிலேயே வந்து பார்க்கவேண்டும். உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவிக்குப் பல லட்சம் ரூபாய் பிடிக்கும். தமிழ்நாட்டிலே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதை இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் யாருக்கு? ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. கதை ஐந்து வயது வரை பொறு என்கிறது. சர்க்கார் ஆறு வயதுக்குள் வா என்கிறது. நடுவில் இருப்பது ஒரு வருஷம்! அந்த ஆறும் கடைசி எல்லையேயொழிய அதுவரை தூங்கலாம் என்பதல்ல. பாஷை படியும் காலம் முதல் மூன்று வருஷமே. பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

கருவி வைத்தவுடன் பிள்ளை பேசிவிடும் என்றும் எண்ணவேண்டாம். அப்படி எண்ணினால் அது இன்னொரு செந்தூர்க் கதையாகிவிடும். பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரமே பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் வீடுதான் பள்ளிக்கூடம். குளிப்பாட்டும்போது தண்ணீர் என்றும், தோசை சுடும்போது தோசை என்றும், முகத்துக்கு நேரே குனிந்து நூறு தரம் சொல்லவேண்டும். இதைத் தாயின் தலையிலேயே கட்டிவிட்டுத் தகப்பன் டீக்கடைத் திண்ணையில் உலக அரசியல் பேசுவது அக்கிரமம்.

கருவி பலிக்காத குழந்தைக்கும், வயது கடந்த குழந்தைக்கும், கைச்சைகை பாஷை இருக்கிறது. அது குறைந்த பாஷையல்ல, இலக்கணமுள்ள பாஷை. அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்டு என்ற ஒரு தீவிலே, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து வாங்கினதால், 19-ம் நூற்றாண்டில் காது கேளாதவர்கள் நிறைய இருந்தார்கள். அங்கே காது கேட்கிறவர்களும் சைகை பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். ஆதலால் அவர்களை ஊமையென்று ஒதுக்குவாரில்லை. நம்மிலோ பிள்ளைக்குச் சைகை கற்றுக்கொடுக்கவே வெட்கப்படுகிறோம். "ஊமையன்" என்று கூப்பிட வெட்கப்படுவதில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பிள்ளை பேசவேண்டுமென்று நேர்ந்துகொள்ளுகிறவர்கள், அது பேச ஆரம்பித்ததும் என்ன செய்கிறார்கள்? "வாயை மூடு." "பெரியவர்கள் பேசும்போது உனக்கென்ன?" அது ஏன், இது ஏன் என்று நாலு கேள்வி கேட்டால் பிரம்பு, பெண்ணாயிருந்தால் "வாயாடி" என்ற பட்டம். அழுதால் பூச்சாண்டி, அடங்காவிட்டால் கையில் கைப்பேசி. வாயை அடைப்பதற்காகவா இவ்வளவு வேண்டுதல்? சாமி எப்படிப் பேச வைக்கும் என்று கேட்கிற பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியாது, இரண்டு பேரும் பார்ப்போம்" என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு என்ன கௌரவம் குறைந்துபோகும்?

கூட்டத்துக்கு முன் ஒரு தோழர் நம்மிடம், "செந்தூருக்கும் போய்விட்டு ஆஸ்பத்திரிக்கும் போனால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உங்கள் ஸ்டேஷனில் நின்றால், 1923-ம் வருஷத்தில் போட்ட இந்த ரயில் பாதையில் கிழக்கே போகிற வண்டி திருச்செந்தூருக்குப் போகிறது; மேற்கே போகிற வண்டி பாளையங்கோட்டைக்குப் போகிறது. அங்கே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற இங்கிலீஷ்கார அம்மையார் 1890-களில் காது கேளாத குழந்தைகளுக்காக ஆரம்பித்த பள்ளிக்கூடமும் இருக்கிறது. எந்தப் பக்கமும் பிரமாத தூரமில்லை. முருகனிடத்தில் வயது வரம்பு கிடையாது. அறுபது வயதிலும் போகலாம். காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பு உண்டு. ஆகையால் முதலில் மேற்கே போகிற வண்டியில் ஏறுங்கள். ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.