மலைச்சரிவில் வாழ்பவனுக்கு மண்ணில் உரிமை எங்கே?

(மாத்தளையில் தோட்டத் தொழிலாளரும் அயற்கிராம விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



"சுற்றாடல் நீதியும் காலநிலைக் கொள்கையும்" என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். துண்டுப் பிரசுரத்தில் இத்தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "இது கொழும்பு ஓட்டல்களிற் பேசப்படும் விடயமாயிற்றே, மாத்தளைத் தோட்டக்காட்டில் இதற்கு என்ன வேலை?" என்று என்னைக் கேட்டார். 2025ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி இரவைக் கம்மடுவையிற் கழித்த எவரும் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்.

டித்வாப் புயல் கொண்டுவந்த மழை அன்று கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரைத் தாண்டியது. பழைய கணக்கப்பிள்ளைமார் அங்குலத்திற்றான் மழையை எழுதி வைப்பார்கள். அந்தக் கணக்கில் இஃது ஏறத்தாழ இருபது அங்குலம். இலங்கை முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலை மாவட்டங்களில் மண்சரிவே பெருங்கொலையாளியாயிற்று. அழிந்த கட்டடங்கள், வீதிகள், பயிர்கள் முதலியவற்றின் பெறுமதியை 410 கோடி டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது.

இதனை எல்லோரும் "இயற்கையின் சீற்றம்" என்கின்றனர். சட்டம் படித்தவன் என்ற முறையில் நான் அச்சொல்லை ஆட்சேபிக்கிறேன். மழையைப் பெய்வித்தது இயற்கை, மறுக்கவில்லை. ஆனால் அம்மழை பெய்தபோது எவன் சரிவின் அடியிற் படுத்திருந்தான், எவன் மேட்டுப் பங்களாவில் இருந்தான் என்பதைத் தீர்மானித்தது இயற்கையன்று, சட்டம். அச்சட்டத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்ன சொல்லிற்று? காடும் தரிசும் மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரிய காணி என்றே கொள்ளப்படும் என்றது. நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுந்தது? சேனை செய்து வாழ்ந்த சிங்களக் குடியானவன் தலையில்! பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து ஆண்ட காணிக்கு அவனிடம் எழுத்துமூலமான உறுதி ஏது? அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட காடு ஏக்கர் ஐந்து சிலிங்காகத் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1848இல் இம்மாத்தளை மண்ணிலே புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் கிளர்ந்தெழுந்ததற்குத் துப்பாக்கி வரியும் நாய் வரியும் வீதி வரியும் மட்டும் காரணமல்ல. காடு போன வயிற்றெரிச்சலும் ஒரு காரணமென்பதே என் கருத்து.

அக்காட்டை வெட்டிக் கோப்பி நட யார் வந்தார்கள்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, தம்புள்ளை வழியாக இம்மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் முன்னோர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் எண்ணற்றோர். எஞ்சியோர் மாத்தளை மாரியம்மனை வணங்கி மலையேறினர். ஒருவனிடமிருந்து பறித்த மலையில் மற்றொருவனைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருவர் கையிலும் உறுதி இல்லை. சிங்கள விவசாயியும் தமிழ்த் தொழிலாளியும் இன்று ஒரே கூட்டத்தில் அமர்ந்திருப்பதை வியப்பாகப் பார்ப்போர், இந்த ஒரு வாக்கியத்தை மனத்திற் கொள்வாராக.

பிற்பாடு நடந்தவை நீங்கள் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உழைத்தவனுக்கு ஓரடி மண்ணும் எழுதப்படவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் கைமாறியது; பின்னர் எழுதப்பட்ட 53 ஆண்டுக் குத்தகை 2045 வரை செல்லும். மாத்தளையிற் சில தோட்டங்கள் இன்றும் அரச நிறுவனங்களின் கையிலேயே உள. 2003இல் பிரசாவுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. வாக்குச்சீட்டு வந்தது, காணி உறுதி வரவில்லை. பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டத்தில் இருந்த தடையும் 2018இற்றான் திருத்தப்பட்டது என்றால், இந்நாட்டின் வரைபடத்தில் லயம் எங்கே இருந்தது என்று ஊகித்துக் கொள்ளுங்கள்!

நல்ல மண் பயிருக்கு. பயிருக்கு உதவாத சரிவும் ஓடைக்கரையும் லயத்துக்கு. இதுவே துரைமார் காலத்துக் கணக்கு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. உடனே, "எச்சரித்தும் அவர்கள் போகவில்லையே" என்றனர் படித்தவர்கள். நான் கேட்கிறேன்: எங்கே போவது? ஓரங்குல மண்ணுக்கும் உரிமையில்லாதவனிடம் "எழுந்து போ" என்பது எச்சரிக்கையா? குடியிருக்கும் இடமும் தோட்டத்தினுடையது, போகவேண்டிய இடமும் தோட்டத்தினுடையது. தோட்டம் காணி கொடுத்தாலன்றி அவன் கால் வைக்க இடமில்லை.

இவ்வழக்கு வெறும் மழையைப் பற்றியதன்று, காணியைப் பற்றியது என்று நான் சொல்வது இதனாற்றான். ஆபத்தைப் பங்கிட்டதும் உறுதி. நிவாரணத்தைப் பங்கிடுவதும் உறுதி. டித்வாவுக்குப் பின் வீட்டை முற்றாக இழந்தோருக்கு 50 இலட்சம் ரூபாவும், காணியில்லாதோருக்குக் காணியோ காணி வாங்கப் பணமோ தருவதாகவும் அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு, குறை கூறுவதற்கில்லை. ஆனால் லயம் என்பது ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பம்; கூரைக்குச் சொந்தக்காரன் வேறு. அத்தொகையும் காணியும் லயக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, அக்குடும்பத்தின் பெயரிலேயே, கணவன் மனைவி இருவர் பெயரிலுமே கிடைக்கின்றனவா என்று கவனிப்பது நம் கடமை. வீடு கிடைத்து உறுதி கிடைக்காவிடின், அது புதுச் சுவர் வைத்த பழைய லயமேயாகும்.

இனி, நீதிமன்றத்தால் என்ன ஆகும் என்று சிலர் நினைக்கலாம். 2004இல் கொழும்பில் தோன்றிய சுற்றாடல் நீதி நிலையம் என்ற அமைப்பு இலாபம் கருதாதது. 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்து நம் கடலை நஞ்சாக்கியபோது வழக்குத் தொடுத்தோருள் அதுவும் ஒன்று. 2025 யூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பற்காரருக்குக் கட்டளையிட்டது. கம்பெனி கொடுக்க மறுத்தது வேறு கதை. தீர்ப்புப் பெறுவது பாதி, பணத்தை அறவிடுவது மறுபாதி என்பதை எந்தக் கடன்காரனும் சொல்வான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே மின்னிலைய எண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி அதே நீதிமன்றம் மாசுபடுத்தியவனே பணம் கட்டவேண்டும் என்ற நெறியை நிலைநாட்டி, 2 கோடி ரூபா செலுத்தச் செய்தது. அவ்வழக்கைக் கொண்டு சென்றவர் ஒரு சிங்களச் சுற்றாடல் ஆர்வலர். பயன்பெற்றோர் தமிழ்க் குடும்பங்கள். இதனை நம் கட்சி மேடைகளில் உரக்கச் சொல்லவேண்டும்.

மேலும் ஒரு செய்தி. கப்பல் தீர்ப்புக்கு முதல் நாள், அதாவது 2025 யூலை 23ஆம் திகதி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. பசிபிக் கடலிலுள்ள வனுவாத்து என்னும் சின்னஞ்சிறு தீவுநாடு முன்னின்று கிளப்பிய கேள்வி அது. காலநிலையைக் காக்கும் கடமை அரசுகளுக்குச் சட்டப்படி உண்டு, கடமை தவறினால் இழப்பீட்டுப் பொறுப்பும் நேரலாம் என்பது அதன் சாரம். உலகம் கக்கும் கரிப்புகையில் இலங்கையின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் வெகு கீழே. எனவே பெரிய நாடுகளைப் பார்த்து "எங்கள் இழப்புக்கு ஈடு தா" என்று கேட்க நம் அரசாங்கத்துக்கு முழு நியாயம் உண்டு. 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டிலே அதற்கென ஒரு நிதியமும் இணங்கப்பட்டது. ஆனால் ஹேக்கிலே ஏழையின் நியாயம் பேசும் கொழும்பு, கம்மடுவையிலும் அதே நியாயத்தைப் பேசவேண்டாமா?

இம்மாவட்டத்திலேயே ஓர் உரைகல் இருக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் நீரேந்து பிரதேசத்தில் விவசாயிகளையும் தோட்டச் சமூகத்தையும் காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கச் செய்யும் திட்டமொன்றுக்குப் பசுமைக் காலநிலை நிதியம் 2020இல் ஏறத்தாழ 4 கோடி டொலர் வழங்க இணங்கியது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் வழியாக வருவது அது. தோட்டச் சமூகம் என்ற சொல் அத்திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது; மகிழ்ச்சி. ஆனால் மரம் நடவும், மண்ணணை கட்டவும், மிளகு வைக்கவும் காணி வேண்டுமே! கிராமத்தான் தன் துண்டுக் காணியைக் காட்டுவான். தோட்டத்தான் எதைக் காட்டுவான்? பெயரில் இடம்பெற்றவன் பயனிலும் இடம்பெற்றானா என்று கணக்குக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

சுற்றாடல் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் காட்டைப் பார்க்கும்போது மரத்தைக் காண்கிறார்கள். மரத்தடியில் நிற்கும் மனிதனைச் சில வேளைகளிற் காண்பதில்லை. நக்கிள்ஸ் காட்டில் ஏலக்காய்ச் செய்கை தடுக்கப்பட்டது. 2000இல் அது பாதுகாப்புக் காடாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாயிற்று. காட்டைக் காத்தது சரியே. நீர் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் ஏலக்காயை நம்பியிருந்த கூலிக்காரனின் அடுப்பைப் பற்றி எத்தனை அறிக்கைகள் பேசின?

உழவர் பெருமக்களே! "தோட்டத்தான் பிரச்சினை நமக்கென்ன" என்று எண்ணாதீர்கள். இம்மலையிற் பிறக்கும் சுது கங்கை அம்பன் கங்கையாகி, மொறகஹகந்தை நீர்த்தேக்கத்தை நிரப்பி, எலஹர வாய்க்காலால் மின்னேரிக் குளத்தையும், அங்கமெடிலை அணையால் பராக்கிரம சமுத்திரத்தையும் ஊட்டுகிறது. பராமரிப்பற்ற தேயிலைச் சரிவிலிருந்து மண் கரைந்தால் அஃது உங்கள் வயலிலும் குளத்திலும் வந்து படியும். 1951இல் இயற்றப்பட்ட 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் காணி வைத்திருப்போனைக் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. அதனைத் தோட்டக் குத்தகைக்காரர்மீது பிரயோகிக்கும்படி நீங்களும் தொழிலாளரும் ஒரே மனுவிற் கையொப்பமிட்டுக் கேட்டால், கச்சேரி காது கொடுக்காமல் இருக்க முடியாது. தனித்தனி மனுக்கள் அலுமாரிக்குள் தூங்குவதை இருபது வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

கடைசியாகச் சில நடைமுறை விடயங்கள். உங்கள் லயம் இருக்கும் இடத்தின் மண்சரிவு அறிக்கை பகிரங்க ஆவணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் அதனைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். இடம்பெயரச் சொன்னால், யார் சொன்னார், எங்கே செல்லச் சொன்னார், எத்தனை காலத்துக்கு என்பதை எழுத்திற் பெறுங்கள். வாய்ச்சொல் வழக்கில் நில்லாது.

இன்னொன்று முக்கியமானது. அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றஞ் செல்ல அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதமே தவணை தருகிறது. மூன்று மாதம் அழுதுவிட்டு நான்காம் மாதம் கடதாசியோடு வருவோரை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்; அப்போது அனுதாபப்படலாமேயன்றி வேறு வழி கடினம். நிவாரணப் பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் அன்றே நாட்குறிப்பில் அத்திகதியை எழுதி வையுங்கள். அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தோட்டச் சம்பளச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், இடிந்த லயத்தின் படம் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். இக்கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்போம். றத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்திலிருந்து வந்தோருக்குக் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும். அவர்கள் முதலில் வரட்டும்.