நமது பால், நமது கணக்கு

(கிளையின் இரவு எண் வகுப்புத் தொடக்க நாளில், தோட்டக் கிராணியும் சங்க உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரை)



இன்றிரவு தொடங்கும் எண் வகுப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி செயலாளர் பணித்தார். கிராணியைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது போலல்லவா என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது. நன்றாகச் சிரித்தீர்கள். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. செக்ரோல் எழுதுகிறவன் நான். நான் எழுதுவதை நீங்கள் சரிபார்க்க முடியாவிட்டால், கிராணி நல்லவன் என்ற நம்பிக்கை ஒன்றுதான் உங்கள் கையில் மிஞ்சும். அந்த நம்பிக்கையை வைத்துச் சம்பளம் வாங்குவது சரியல்ல.

நமக்கு எண் புதிதல்ல. நம் முன்னோர் ஊரில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை வாய்விட்டுப் படித்தார்கள். கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. வீசம் 16இல் ஒரு பங்கு. 16 அவுன்சு ஒரு இராத்தல் என்று வெள்ளைக்காரன் தராசைத் தூக்கியபோது, ஓர் அவுன்சு ஒரு வீசம் என்று மனத்திலேயே கணக்கிட நம் பாட்டன்மார்க்கு வழி இருந்தது. ஆனால் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர்க்கு அந்தப் பள்ளி வாய்க்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கச் செய்ய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இடம் தந்தது. பிள்ளைகளுக்கு அந்த வழி பிறந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"கைபேசியில் கணக்குப் பொறி இருக்கிறதே, வகுப்பு எதற்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கட்டும், அதையும் கொண்டுவாருங்கள். 1700ஐ 26ஆல் வகு என்றால் அது வகுக்கும். 30ஆல் வகு என்றாலும் மறுபேச்சில்லாமல் வகுக்கும். எந்த எண்ணால் வகுப்பது என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதையே முதலில் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். மாதச் சம்பளக்காரருடைய ஒரு நாள் கூலியைக் காண மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அப்படிச் செய்தால் 65 ரிங்கிட் 38 சென். எட்டு மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். மிகை நேர வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு, 12 ரிங்கிட் 26 சென். இப்போது 26க்குப் பதில் யாரோ 30 என்று போட்டுவிட்டார் என்று வையுங்கள். மாதத்துக்கு 30 நாள்தானே என்று நமக்கும் சரியாகத்தான் படும். நாள் கூலி 56 ரிங்கிட் 67 சென்னாக இறங்கும். மிகை நேரம் மணிக்கு 10 ரிங்கிட் 63 சென்னாகிவிடும். மணிக்கு 1 ரிங்கிட் 63 சென் போயிற்று. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக உழைத்தவருக்கு 32 ரிங்கிட் 60 சென் நட்டம். பெருக்கலிலோ கழித்தலிலோ ஒரு பிழையும் இல்லாமலே இந்த நட்டம் நேர்கிறது.

இனி நம் பாலுக்கு வருவோம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு மனக்கசப்பு இங்கேதான். ஸ்டோரில் தராசு காட்டுவது பாலின் எடை. எடைக்குக் கூலி தரும் இடங்களில், கூலி அந்தப் பாலிலுள்ள காய்ந்த ரப்பருக்கு. கொஞ்சம் பாலை எடுத்து நிறுத்து, உறையவைத்து, பிழிந்து, உலர்த்தி, மறுபடி நிறுத்தால் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று தெரியும். 10 கிராம் பால் 3.2 கிராம் ரப்பரானால், நூற்றுக்கு 32. அவசரத்துக்கு மெட்ரோலாக் என்ற மிதவையைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. ரப்பர் தண்ணீரைவிட இலேசு. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழ இறங்கும். ஒரு பங்கு பாலில் இரு பங்கு தண்ணீர் கலந்து பார்த்தால், காட்டும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். பார்க்கிறவர் கண் ஒரு கோடு தப்பினால், கணக்கில் மூன்று தப்பும்!

42 கிலோ பால், நூற்றுக்கு 32. பெருக்கி நூறால் வகுத்தால் 13.44 கிலோ. இதைத் தாளில் போடுமுன் மனத்தில் ஒரு மதிப்புப் போடுங்கள்: 32 என்பது நூற்றில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு, 42இல் மூன்றிலொன்று 14, ஆக விடை 14க்குச் சற்றுக் கீழே. தாளில் 1.34 என்றோ 134 என்றோ வந்தால் புள்ளி இடம் மாறிவிட்டது என்று உடனே பிடித்துவிடலாம். சரி, 32க்குப் பதில் 28 என்று எழுதப்பட்டால்? 11.76 கிலோ. ஒரு நாளில் 1.68 கிலோ குறைகிறது. 24 நாளில் 40.32 கிலோ. கிலோவுக்கு ஒரே ஒரு ரிங்கிட் என்று வைத்தாலும் 40 ரிங்கிட் போயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன். வாளியில் தண்ணீர் ஊற்றினால் எடை கூடுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 கிலோ பால், நூற்றுக்கு 33: ரப்பர் 13.2 கிலோ. நாலு கிலோ தண்ணீர் சேர்த்தால் 44 கிலோ. விகிதம் 30ஆக இறங்கும். 44ஐ 30ஆல் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள், அதே 13.2 தான். தண்ணீரைச் சுமந்த தோள்வலிதான் மிச்சம்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஓர் அக்காள் சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எடையையும் விகிதத்தையும் குறித்துவந்தார். அவருக்குக் கூட்டல் மட்டுமே தெரியும். ஆனால் வெயில் நாளிலும் மழைத்தூறல் விழுந்த நாளிலும் ஒரே 28 எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். "மரம் என்ன, மெஷினா?" என்று கேட்டுக் கிளைக்கு வந்தார். அந்த நோட்டை மேசைமேல் வைத்துத்தான் கிளை பேசியது. பிறகு மாதிரி எடுப்பது வெட்டுக்காரர் முன்னிலையில் நடந்தது. விகிதமும் நாளுக்கு நாள் ஏறி இறங்கத் தொடங்கியது. 1950களில் சம்பளமே ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்த காலத்தில், நம் தலைவர்களும் இப்படி எண்ணை முன்வைத்துத்தான் முதலாளிமாரிடம் பேசினார்கள்.

கழித்தலில் பெரியவர்களும் தடுமாறுவது சுழியம் வரும்போதுதான். 1,700இல் ஊழியர் சேமநிதி நூற்றுக்கு 11. பத்தில் ஒன்று 170, நூற்றில் ஒன்று 17, கூட்டினால் 187. இந்தப் பத்தில் ஒன்றைத்தான் முன்னோர் இருமா என்றார்கள். 1,700இல் 187 போக வேண்டும். முதல் வீட்டில் சுழியம்; ஏழு போகாது. பக்கத்து வீட்டில் கடன் கேட்டால் அங்கேயும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வீட்டில் ஏழு இருக்கிறது. அது ஒன்று கொடுத்து ஆறாகும். அந்த ஒன்று நடுவீட்டில் பத்தாகி, அதில் ஒன்று நமக்கு வந்து, நடுவீட்டில் ஒன்பது நிற்கும். 10இல் 7 போக 3, 9இல் 8 போக 1, 6இல் 1 போக 5, ஆக 1,513. லயத்துக் கடைக் கடனைவிட இந்தக் கடன் யோக்கியமானது, வட்டி இல்லை. முதலாளி தன் பங்காக நூற்றுக்கு 13, அதாவது 221 ரிங்கிட், கட்ட வேண்டும். 187ம் 221ம் சேர்ந்து 408 உங்கள் சேமநிதிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாதப் பிடித்தங்கள் மொத்தமாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பதும் சட்டம். அதைப் பார்க்க இரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும்.

கூட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் கொட்டையை வைத்தே தொடங்குவோம். பத்துக் கொட்டை ஒரு மங்கு; பத்து மங்கு ஒரு வாளி. மங்கு நிரம்பினால் அடுத்த இடத்துக்கு ஒன்று போகிறது, அவ்வளவுதான். வாய்ப்பாட்டை வெட்கப்படாமல் சத்தம்போட்டுச் சொல்வோம். பேரப்பிள்ளை கேலி செய்தால் அவனையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிரிவிலிருந்து வருகிறவர்களுக்குக் குலைக் கணக்கு தனியே போடுவோம்.

வகுப்பு செவ்வாய், வியாழன் இரவு எட்டு மணிக்கு. தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே வரலாம். சிலேட்டு, பலகை கிளை தரும். நீங்கள் போன மாதச் சம்பளச் சீட்டையும், ஆளுக்கு ஒரு பிடி ரப்பர் கொட்டையையும் கொண்டுவாருங்கள். முதல் நாள் என் சீட்டையே பலகையில் எழுதுகிறேன். அதில் என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று நீங்கள் கண்டுபிடியுங்கள்.