புகையைக் குடிக்கிற பூதம்: ஒரு தூத்துக்குடிக்காரனின் காட்ஸில்லா

காட்ஸில்லா ரசிகர்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில கூடினா, முதல் படத்தைப் பத்தி சண்டை வராது. 1954-ல வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எல்லாரும் மதிப்பாங்க. 2024-ல ஆஸ்கர் வாங்கின ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ பத்தியும் பெருசா தகராறு இல்ல. சண்டை வர்றது 1971 ஜூலையில வந்த ‘காட்ஸில்லா வெர்சஸ் ஹெடோரா’ பத்தித்தான்.

பாதிப் பேர் அதைக் குப்பைன்னு சொல்வாங்க. 1978-ல அமெரிக்காவுல ‘எல்லாக் காலத்துக்குமான 50 மோசமான படங்கள்’னு ஒரு புத்தகம் வந்துச்சு. அந்த அம்பதுல இதுவும் ஒண்ணு. இன்னொரு பாதிப் பேர், முதல் படத்துக்கு அடுத்து உண்மையான கோபம் இருக்கிற காட்ஸில்லா படம் இதுதான்னு சொல்வாங்க. நான் ரெண்டாவது கட்சி. ஆனா ஒரு பெரிய மனக்குறையோட. ரெண்டுக்கும் காரணம் நான் தூத்துக்குடிக்காரன்ங்கறதுதான்.

2021-ல ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’கைத் தமிழ் டப்பிங்ல பார்த்துட்டு இந்தப் பக்கம் வர்றவங்க கொஞ்சம் மனசைத் தயார் பண்ணிக்கோங்க. இது ரப்பர் உடுப்பு மாட்டின ரெண்டு மனுசங்க கட்டிப் புரள்ற காலத்துப் படம். ஹெடோரா உடுப்புக்குள்ள இருந்தவர் கென்பச்சிரோ சட்சுமா. படப்பிடிப்பு நடுவுல அவருக்கு குடல்வால் பிரச்சினை வந்து ஆபரேஷன் வரைக்கும் போச்சு. அதே ஆள் 1984-ல இருந்து பத்து வருசத்துக்கு மேல காட்ஸில்லாவாவே நடிச்சார். வில்லன் ஹீரோவான கதை நம்ம ஊர் சினிமாவுல மட்டும் இல்ல பாருங்க.

கதை சின்னது. சுருகா வளைகுடாவுல ஒரு வயசான மீனவர் விநோதமான தலைப்பிரட்டை ஒண்ணைப் பிடிச்சு, டாக்டர் யானோன்னு ஒரு விஞ்ஞானிகிட்ட கொண்டு வந்து கொடுக்கிறார். அது கழிவைத் தின்னு வளருது. யானோ கடல்ல மூழ்கித் தேடப் போய், முகத்துல பாதி வெந்து திரும்புறார். கரைக்கு வந்த ஹெடோரா ஒரு ஆலை மேல ஏறி உட்கார்ந்து, புகைபோக்கியில வாயை வச்சு ஹூக்கா பிடிக்கிற மாதிரி புகையை உறிஞ்சும். அப்புறம் பறக்கும். அது பறந்து போற வழியில அமில மூட்டம் பட்டு, ஆட்கள் நின்ன இடத்துலயே எலும்புக்கூடு ஆவாங்க.

அந்தக் காட்சி முடிஞ்ச சூட்டோட திரையில கார்ட்டூன் ஓடும். டான்ஸ் கிளப்ல ஒருத்தனுக்கு ஆடுறவங்க தலையெல்லாம் மீன் தலையாத் தெரியும். ஆரம்பப் பாட்டு பாதரசம், ஈயம்னு விஷத்தோட பேரையெல்லாம் வரிசையா அடுக்கிட்டுப் போகும், மெட்டு மட்டும் குத்தாட்டம் போட வைக்கும். கடைசியில காட்ஸில்லா வாயால நெருப்பை ஊதி, அந்த விசையில வாலைச் சுருட்டிக்கிட்டு பின்பக்கமா பறக்கும். ஆமா, பறக்கும். ரசிகர்கள் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்காதது இதைத்தான்.

இயக்குநர் யோஷிமிட்சு பன்னோவுக்கு இது முதல் படம். தயாரிப்பாளர் டோமோயுகி தனாகா அந்த நேரம் ஆஸ்பத்திரியில இருந்தார். அவர் கண்ணுல படாமலே இதெல்லாம் உள்ள புகுந்துடுச்சு. முடிஞ்ச படத்தைப் பார்த்து தனாகா கொதிச்சுப் போனார்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் பன்னோவுக்கு இன்னொரு காட்ஸில்லா படத்தை இயக்கக் கிடைக்கவே இல்ல. விடாம முயற்சி பண்ணி, 2014-ல வந்த ஹாலிவுட் காட்ஸில்லாவுல நிர்வாகத் தயாரிப்பாளரா பேர் வாங்கிட்டு, 2017-ல காலமானார்.

‘ஒரு நிமிஷம் சாவு, அடுத்த நிமிஷம் கார்ட்டூன், இது என்ன படம்?’ இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. ஆலைக்குப் பக்கத்துல வளர்ந்தவங்க இதைக் கேக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். எங்க ஊர்ல அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் கடலும் ஒரே பார்வையில விழும். அது 1979-ல ஓட ஆரம்பிச்சது. அதைப் பின்னால வச்சு பசங்க கிரிக்கெட் விளையாடுவாங்க, காதலிக்கிறவங்க செல்ஃபி எடுப்பாங்க. கல்யாண வீட்டுல மக்ரூன் சாப்பிட்டுக்கிட்டே யாராவது ‘தெரு முழுக்க இருமலா இருக்கு’ன்னு சொல்வாங்க, அடுத்த வாக்கியம் பொண்ணோட சேலையைப் பத்தி இருக்கும். மாசுபட்ட ஊருல வாழ்க்கை சோகப் பட மெட்டுல ஓடாது. பன்னோ அதைத்தான் எடுத்தார். படத்துல சிலர் உட்கார்ந்து மாஜாங் ஆடிக்கிட்டு இருப்பாங்க, ஜன்னலை உடைச்சுக்கிட்டு சகதி வந்து அவங்களை மூடிடும். எனக்கு ரொம்பப் பயம் தந்தது அந்தக் காட்சிதான்.

ஹெடோராங்கற பேர் எங்கிருந்து வந்துச்சு? ‘ஹெடோரோ’ன்னா ஜப்பான் மொழியில கழிவுச் சகதி. ஷிசுவோகா மாகாணத்துல ஃபூஜி நகரத்துக்குப் பக்கத்துல தாகோனோரான்னு ஒரு துறைமுகம் இருக்கு. காகித ஆலைகள் விட்ட கழிவு அங்க அடியில படிஞ்சு படிஞ்சு, கப்பல் உள்ள வர்றதே சிரமம்ங்கற நிலைமை ஆச்சு. 1970-ல மீனவர்களும் ஊர்க்காரங்களும் அதை எதிர்த்துத் திரண்டாங்க. மினமாட்டாவுல பாதரசம், யொக்காயிச்சியில ஆஸ்துமான்னு நாடு முழுக்க இதே பேச்சு. அந்த வருசக் கடைசியில ஜப்பான் நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடர்ல 14 மாசுச் சட்டங்களை நிறைவேத்துச்சு. அடுத்த ஜூலையில படம் வந்துடுச்சு. ஆறின செய்தி இல்ல, சுடச்சுட இருந்த செய்தி.

இந்த வரிசைப் படங்கள்ல நான் கவனிச்ச ஒண்ணு, ஆபத்தை முதல்ல பார்க்கிறது எப்பவுமே மீனவன்தான். 1954 படம் ஆரம்பிக்கிறதே கடல்ல கப்பல் அழியறதுலதான். அதே வருசம் மார்ச்ல அமெரிக்காவோட ஹைட்ரஜன் குண்டுச் சோதனைச் சாம்பல் நிஜமாவே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மேல விழுந்திருந்தது. ஹெடோரா படத்துலயும் தலைப்பிரட்டையைக் கொண்டு வர்றது மீனவர்தான். எங்க ஊரை எடுத்துக்கோங்க. 1996-ல, ஸ்டெர்லைட் ஆலை உற்பத்தியைத் தொடங்கறதுக்கு முன்னாலயே, தாமிரத் தாது கொண்டு வந்த கப்பலைப் படகுகளை வச்சு மறிச்சது மீனவர்கள்தான். நகரத்துல பலருக்கு அது ஒரு பிரச்சினையாத் தெரியவே 2013 மார்ச் வாயுக்கசிவு வரைக்கும் ஆச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். முத்துக்குளித்துறைன்னு எங்க கரைக்குப் பேர். கடைசியா பெரிய அளவுல முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல. நான் சொன்ன அனல்மின் நிலையமும் ஸ்டெர்லைட்டும் அதுக்கப்புறம் வந்ததுதான். அதனால பார்ல சிப்பி இல்லாமப் போனதுக்கு அந்த ஆலைகள் மேல பழி போட முடியாது. பூதம் இருக்குங்கறதுக்காக எல்லாத்தையும் அது தலையில கட்டக் கூடாது.

இப்ப என் மனக்குறைக்கு வர்றேன். இவ்வளவு கோபமான படம், ஹெடோரா எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ற இடத்துல நழுவிடும். அது விண்வெளியில இருந்து விழுந்த ஏதோ ஒண்ணாம், நம்ம கழிவைத் தின்னு வளர்ந்ததாம். ஒண்ணரை மணி நேரப் படத்துல ஒரு ஆலை முதலாளி முகம் கிடையாது, உரிமம் கொடுத்த அதிகாரி கிடையாது, ஒரு கோர்ட்டு கிடையாது. ‘நாம எல்லாரும்தான் காரணம்’ங்கற தொனி. எல்லாரும் காரணம்னா யாருமே காரணம் இல்லன்னுதானே ஆகுது? எங்க கதையில ஆவணம் இருக்கு. மாசுபடுத்தினதுக்கும் ரொம்ப நாள் அனுமதியைப் புதுப்பிக்காம ஓட்டினதுக்கும் 2013 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அந்த ஆலையை 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. மூடவும் சொல்லல. பன்னோ கையில இந்த மாதிரி ஒரு காகிதம் கிடைச்சிருந்தா விண்கல் தேவைப்பட்டிருக்காது.

அதே சமயம் அந்த ‘நாம எல்லாரும்’ முழுப் பொய்யும் இல்ல, அதுதான் என்னைக் குடையுது. வருசத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுக்கிற திறன் அந்த ஆலைக்கு. அது மூடினதும் தாமிரத்தை நிகரமா ஏற்றுமதி பண்ணிட்டிருந்த இந்தியா இறக்குமதி பண்ற நாடாச்சு. லாரி ஓட்டினவங்க, காண்ட்ராக்ட் வேலை பார்த்தவங்கன்னு எங்க ஊர்லயே வேலை போனவங்க நிறைய. இதை நீங்க கேட்டுக்கிட்டு இருக்கிற இயர்போன் வயருக்குள்ளயும் தாமிரம்தான்.

படத்துல ஃபூஜி மலைச் சரிவுல இளைஞர்கள் ஒரு விருந்து நடத்துவாங்க. பத்து லட்சம் பேர் வரணும்னு கூப்பிட்டு, வந்தது நூறு பேர். கிடாரும் தீப்பந்தமும்தான் கையில. ஹெடோரா வந்ததும் பந்தத்தை எறிவாங்க, எரிஞ்சு சாவாங்க. ரொம்ப நாள் இந்தக் காட்சியை ஹிப்பி கூத்துன்னு சிரிச்சுத்தான் பார்த்தேன். 2018 மே 22-க்கு அப்புறம் சிரிப்பு வரல. அன்னைக்குப் போராட்டத்தோட நூறாவது நாள். கலெக்டர் ஆபீஸை நோக்கிப் பல்லாயிரம் பேர் நடந்தாங்க. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 13 உயிர் போச்சு. செத்தவங்கள்ல ஸ்கூல் முடிச்ச வயசுப் பொண்ணும் உண்டு. மே 28-ல அரசு ஆலையை மூடிச்சு. 2024 பிப்ரவரி 29-ல உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணிச்சு.

அந்தப் பறக்கிற காட்சியைக் கூட நான் இப்ப வேற மாதிரிதான் பார்க்கிறேன். ராணுவம் ரெண்டு பெரிய மின்தகடு நட்டு ஹெடோராவைக் காய வைக்கப் பார்க்கும், சரியான நேரத்துல கரண்ட் போயிடும். மனுசங்களால சுவிட்சைக் கூடப் போட முடியாத இடத்துல, காட்ஸில்லா தன் மூச்சால கரண்ட் கொடுக்கும். தப்பி ஓடுற ஹெடோராவைப் பிடிக்கப் பறக்கும். நம்பவே முடியாத காட்சிதான். யாராவது வந்து காப்பாத்துவாங்கங்கறதே நம்பவே முடியாத விஷயம்தானே? எங்க ஊருக்கு காட்ஸில்லா வரல. நடந்து போனது மனுசங்கதான்.

பார்க்கறதா இருந்தா ஜப்பானிய ஒலியில சப்டைட்டிலோட பாருங்க. ஆங்கிலத்துல ‘ஸ்மாக் மான்ஸ்டர்’னு வந்த வடிவம் வேண்டாம், அதுல ஆரம்பப் பாட்டையே மாத்திட்டாங்க. சகதியில நனைஞ்ச பூனைக்குட்டி ஒண்ணு வரும், பூனை வளர்க்கிறவங்க அப்ப கண்ணை மூடிக்கலாம். சண்டை முடிஞ்சதும் எழுந்து போயிடாதீங்க. ஜெயிச்ச காட்ஸில்லா கடலுக்குத் திரும்பறதுக்கு முன்னால, அங்க நிக்கிற மனுசங்களைத் திரும்பி ஒரு முறை முறைக்கும். வசனமே கிடையாது.