துண்டை வாசிக்கும் பிள்ளை

விடிய பிரட்டுக்குப் போய், அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இந்த ஹட்டன் மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஆசிரியப் பெருமக்களே, சாதாரண தரம் எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

அண்மையில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "சேர், மகளுக்கு உயர்தரத்துல பொருளியல் எடுக்க ஆசையாம். அது நம்ம புள்ளைங்களுக்கு எதுக்கு? தமிழு, வரலாறுன்னு எடுத்தா சுகமா பாஸ் பண்ணிருமே?" அவரை நான் குறை சொல்லமாட்டேன். தமிழையும் வரலாற்றையும் குறை சொல்லவும் வரவில்லை. "நம்ம புள்ளைங்களுக்கு எதுக்கு" என்ற வார்த்தையை அவர் வாயில் வைத்தவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்கு எனக்கு அவர்களோடுதான் சண்டை.

எதற்கு என்று நம் சம்பளத்திலேயே பார்ப்போம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரான நம் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பட்டாசு கொளுத்தினோம். நானும் கொளுத்தினேன், மறைப்பானேன்? அன்றைக்கு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்றால் ஐந்து டொலர். அடுத்த வருடம் மே மாதம் டொலர் 360 ரூபாயைப் பிடித்தது. அதே ஆயிரம் அப்போது இரண்டே முக்கால் டொலர்! எந்தத் துரையும் நம் சம்பளத்தில் ஒரு சதம் வெட்டவில்லை. செக்ரோலில் ஆயிரம் ஆயிரமாகவேதான் இருந்தது. ஆனாலும் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது.

தேயிலை ஏற்றுமதியில் எதில் விற்றது? டொலரில். அதனால் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை 2021ஐவிட 2022இல் ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய இரட்டித்தது. நாம் மா வாங்கியது எதில்? ரூபாயில். அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 95 வரை போனது. உரம் ஏறியது, எண்ணெய் ஏறியது, விளைச்சல் விழுந்தது என்று கம்பெனிக்காரர் சொல்வார். சொல்லட்டும், அதில் உண்மையும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்த கூத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அவர் கணக்குச் சொன்னால் நாமும் கணக்குச் சொல்ல வேண்டாமா? அடுத்த உயர்வு, 1,350 ரூபாய், 2024 செப்டெம்பரில்தான் வந்தது. மூன்றரை வருடம்!

பொருளியல் புத்தகத்தில் இதற்கு இரண்டே சொல் வைத்திருக்கிறார்கள்: பெயரளவுக் கூலி, மெய்க் கூலி. பட்டாசு கொளுத்தியது பெயரளவுக் கூலிக்கு. அடுப்பு எரிவது மெய்க் கூலியில். இந்த இரண்டு சொல்லும் நம் பிள்ளைக்குத் தேவையில்லையாம்!

என் கதையையும் சொல்கிறேன். நான் படித்தது 1சீ தரப் பாடசாலை. கலையும் வர்த்தகமும் நடத்தலாம், விஞ்ஞானம் கிடையாது. பலகையில் வர்த்தகப் பிரிவு என்று அழகாக எழுதியிருந்தது. பொருளியலுக்கு ஆசிரியர் வந்தபோது எங்களுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. வந்தவர் நல்ல மனிதர். வளையி கீறினார், குறிப்புச் சொன்னார், எழுதினோம். உதாரணம் துப்பாக்கியும் வெண்ணெயும். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை. அதைக் காட்டி ஒரு கணக்கு, ஒரே ஒரு கணக்கு, போடவில்லை! நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தூளாகிறது என்பதை என் அம்மாதான் சொன்னார்.

அமையச் செலவு என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிற மற்றொன்றின் பெறுமதி. இதை நம் பையன்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, வாழ்ந்து முடித்துவிட்டார்கள். சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடையில் இருந்து ஆள் வருகிறது. சாப்பாடு, தங்குமிடம், மாதம் கையில் காசு. உயர்தரம் என்றால் இரண்டு வருடம் அந்தக் காசு இல்லை, பஸ் செலவும் டியூசன் காசும் வேறு. வீட்டில் கூரை ஒழுகுகிறது. "படி, படி" என்று மேடையில் நின்று கத்துகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. புத்தகப்பை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு மாத உதவித்தொகை கொடுங்கள், மலைக்கு மலை பஸ் விடுங்கள், பொருளியல் ஆசிரியரைப் போடுங்கள். பை பிறகு தரலாம்.

கணக்குத் தெரிந்தவன் இங்கே என்ன செய்வான் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயர்: கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' பத்திரிகை நடத்தியவர். வியாபாரமும் கணக்கும் எழுதிய கை அது. அந்தக் கைதான் 1931இல் இதே ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் கட்டியது. துரைமார் உள்ளே விடாதபோது புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார் என்பார்கள். மூட்டைக்குள் புடவை இருந்தது, தலைக்குள் கணக்கு இருந்தது. துரைமார் பயந்தது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்!

அதற்கும் முந்திய காலத்தில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. நம் பாட்டன் தலைமேல் இருந்த கடன், வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கைமாறியது. 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்றைக்கும் மாதாமாதம் நம் கையில் ஒரு துண்டு வருகிறது, சம்பளத் துண்டு. சேமலாப நிதிக்கு நம்மிடம் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். கம்பெனி 12 போட வேண்டும். அது போடப்பட்டதா? தீபாவளி முற்பணம் எத்தனை மாதம் பிடிக்கிறார்கள்? சங்கச் சந்தா எவ்வளவு? வேலை செய்த நாள் சரியா? தகப்பன்மாரே, இந்த மாதத் துண்டை மடித்து அலுமாரியில் வைக்காதீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்துக்கு மகளிடம் கொடுத்து அனுப்புங்கள். பொருளியல் முதல் வகுப்பை அதிலிருந்து தொடங்குகிறோம்.