இரவு வேர்வை: உடல் சொல்லும் செய்தி
(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடந்த மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளர் அல்லள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பல்லாண்டு காலம் தாதியாக, உங்கள் வாயில் 'மிஸி'யாக இருந்தவள். இரவில் வேர்த்துக் கொட்டுவதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

"தகரக் கூரைக்கு அடியில் படுத்தால் வேர்க்காதா மிஸி?" என்று கேட்பீர்கள். வேர்க்கும். காற்றாடியைப் போட்டு, சன்னலைத் திறந்ததும் அடங்குகிற வேர்வை நோயன்று. ஆனால், அறை குளிர்ச்சியாக இருந்தும் கட்டிய உடையும் விரிப்பும் நனைந்து, எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், அதுவும் பல நாள் தொடர்ந்தால், அலட்சியம் செய்யாதீர்கள். வேர்வை ஒன்று, காரணம் பல. அதற்குத் துணையாக வேறு என்ன வருகிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

நம் முன்னோர் இதைக் கண்ணீரோடு அறிந்தவர்கள். காடழித்து ரப்பர் நட்ட காலத்தில், வெயில் பட்ட மலையோடைகளில் பெருகிய கொசுக்கள் மலேரியாவைப் பரப்பின. முதலில் நடுக்கும் குளிர், பிறகு கொதிக்கும் காய்ச்சல், கடைசியில் உடல் நனைக்கும் வேர்வை. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதற்கான முதல் ஆதாரத்தை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். நெகிரி செம்பிலானும் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. கால்வாய் வெட்டி, எண்ணெய் தெளித்து, கொய்னா கொடுத்து நோயை அடக்கினார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவிற்குள் தோன்றவில்லை. ஆனால், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் வகை இன்னும் உண்டு. காட்டோரத்தில் வேலை செய்துவிட்டு வந்தவருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டால், எங்கே போய் வந்தார் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, காசநோய். மாலையில் இலேசான காய்ச்சல், இரவில் வேர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இளைத்துப் போகும் உடல், சில வேளை சளியில் இரத்தம். மலேசியாவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. பால்மரம் வெட்டிய ஒருவரை நான் அறிவேன். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். "வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடும்" என்று மாதக்கணக்கில் இருமலை மறைத்தார். கடைசியில் அந்த மகளுக்கே நோய் தொற்றியது. இருவரும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமடைந்தார்கள், திருமணமும் நடந்தது. மறைத்ததால் காப்பாற்றியது ஒன்றுமில்லை. தட்டு, குவளை வழியாக இது பரவாது. இருமும்போது காற்றில்தான் பரவும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம். உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும்.

மூன்றாவது, இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு இரவு உணவைத் தவிர்த்தால், தூக்கத்தில் சர்க்கரை இறங்கி, உடல் சில்லென்று வேர்க்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். உடனே இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். சோதிக்கும் கருவி இல்லாவிட்டால் காத்திராமல் சீனித்தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். தைப்பூசத்திற்கும் கந்த சஷ்டிக்கும் விரதம் இருப்போர், மருந்தின் அளவை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். விரதம் உயிரைப் பணயம் வைப்பதற்கன்று.

நான்காவது, தாய்மார்களே, உங்களுக்காக. 45-லிருந்து 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் சுரப்புநீர் குறைகிறது. உடலின் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறிய மாற்றத்துக்கும் பதறிவிடுகிறது. முகமும் மார்பும் திடீரெனச் சூடேறி வேர்க்கும். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பிய நம் பெண்கள், தூக்கமில்லாமல் இதைத் தாங்கிக்கொண்டு யாரிடமும் சொன்னதில்லை. இது நோயன்று, ஆனால் சகித்தே தீர வேண்டிய விதியுமன்று. பருத்தி உடை, மெல்லிய விரிப்பு, இரவில் காரத்தையும் காப்பியையும் குறைத்தல் ஆகியவை சிலருக்கு உதவும். தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சையும் வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை அவரே முடிவு செய்வார். ஓராண்டு நின்ற பிறகு மீண்டும் இரத்தம் பட்டால், உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

தைராய்டு கோளாறும், மன அழுத்தத்திற்குத் தரும் சில மருந்துகளும்கூட வேர்வையைத் தரலாம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாமல் எடை குறைதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இவற்றோடு வேர்த்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய்ந்த பிறகே தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார் வள்ளுவர். அந்த ஆராய்ச்சிக்கு நீங்களும் உதவலாம். எத்தனை மணிக்கு வேர்க்கிறது, காய்ச்சல் உண்டா, எடை எவ்வளவு, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோட்டங்கள் கைமாறிய பின், முதியோர் பலர் கிளினிக்கிற்குத் தொலைவான இடங்களில் தங்கிவிட்டனர். மருந்து இலவசம், போய்வரும் செலவுதான் அவர்களைத் தடுக்கிறது. அன்னதானத்தோடு, மாதம் இருமுறை ஒரு வேனுக்கும் வழி செய்தால், ஆறு மாத மாத்திரையைப் பாதியில் விடாமல் முடிக்கப் பலருக்கு அது துணையாகும்.